கெட்ட மண்ணில் இரண்டு எர்த் கம்பி: மிகத் தாழ்ந்த அலைவரிசையைக் கேட்பது எப்படி

தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து டெக்னீஷியனாக ஓய்வு பெறும்வரை மண்ணோடு எனக்கு இருந்த வழக்கு ஒன்றுதான்: ஓம், அதாவது மண்ணின் மின்தடை, குறைய வேண்டும். எர்த் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை நட்டு, உப்பையும் அடுப்புக்கரியையும் அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மெக்கர் என்ற தடைமானி வைத்து அளப்போம். முள் ஐந்து ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் அன்று வீட்டுக்குப் போகலாம். கோவில்பட்டிக் கரிசலில் இருந்தவரை இது ஒரு வேலையாகவே தெரியவில்லை. உடன்குடிப் பக்கம் மாற்றலாகி வந்தபிறகு தேரி மண் என்னை அழவைத்தது. அந்தச் சிவப்பு மணலில் எத்தனை மூட்டை உப்பைக் கொட்டினாலும் ஒரு கோடைக்குத்தான் தாங்கும்.

இப்போது அதே குதிரைமொழித் தேரியின் ஓரத்துக்கு நானாகவே கம்பியும் சுத்தியலுமாகப் போகிறேன். கோபுரமோ உயர்ந்த ஆன்டெனாவோ இல்லாமல், தரையில் நட்ட இரண்டு கம்பியைக் கொண்டு வானொலி அலை பிடிப்பதற்கு மின்சாரம் பாயத் தயங்கும் மண்தான் நல்ல மண். இதை ஏற்றுக்கொள்ள என் பழைய புத்திக்குச் சில மாதங்கள் ஆயின.

நாம் கேட்கப்போவது 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. பெரும்பகுதி மனிதக் காது கேட்கும் அதே எண்ணிக்கைதான். ஆனால் ஒலி அல்ல, வானொலி அலை. இதனால் ஒரு பெரிய சௌகரியம்: தனியாக ரேடியோ பெட்டி வேண்டாம். மடிக்கணினியின் ஒலி அட்டை நொடிக்கு 48,000 முறை அளவெடுக்கிறது என்றால், 24 கிலோஹெர்ட்ஸ் வரை அதுவே ரேடியோ. அசௌகரியம் அலைநீளம். 18.2 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை பதினாறரை கிலோமீட்டர் நீளம். இதில் கால்பங்கு உயரத்துக்குக் கம்பம் நட வேண்டுமானால் நான்கு கிலோமீட்டருக்கு நட வேண்டும்.

18.2 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. நாங்குநேரி வட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் ஒலிபரப்பும் அலைவரிசை அது. கடலுக்கடியில் பத்து இருபது மீட்டர் ஆழத்தில் போகும் நீர்மூழ்கிக்குச் செய்தி சொல்ல இவ்வளவு தாழ்ந்த அலை தேவைப்படுகிறது. உயர்ந்த அலைவரிசையெல்லாம் உப்புநீரில் ஒரு சாணுக்குள் செத்துவிடும். உலகெங்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக்குறியால் அறிவார்கள். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் இந்த அலையின் ஏற்ற இறக்கத்தைத்தான் பதிவு செய்தது. செய்தி சங்கேதத்தில் இருக்கிறது; அதைப் பிரிப்பது நம் வேலை அல்ல. அலை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நிலையத்தின் வேலி ஓரமாகப் போய்க் கம்பி விரித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நான் ஏறத்தாழ 30 கி.மீ. கிழக்கே இருக்கிறேன், அந்த நெருக்கமே அதிகம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கெட்ட மண் ஏன் நல்லது? தரைமேல் ஓடிவரும் அலையின் மின்புலம் செங்குத்தாக நிற்கும். மண் நன்றாக மின்சாரம் கடத்தினால் அது நிமிர்ந்தே வரும். கடத்தாத மண்ணில் அலையின் கால் இழுபடுகிறது, தலை முன்னே சாய்கிறது, ஈர வயலில் நடப்பவன் சாய்வதைப் போல. அந்தச் சாய்வில் தரைக்கு இணையாகக் கிடைக்கும் சிறு பங்குதான் நம் இரண்டு கம்பிக்கும் கிடைக்கும் கூலி. 18.2 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால், 10 ஓம்-மீட்டர் தடை உள்ள கரிசலில் அந்தப் பங்கு ஆயிரத்துக்கு மூன்று. 100 ஓம்-மீட்டர் உள்ள சாதாரண மண்ணில் நூற்றுக்கு ஒன்று. 2,000 ஓம்-மீட்டர் காய்ந்த மணலில் நூற்றுக்கு நாலரை.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். நட்ட இரண்டையும் இணைத்துத் தரைமேல் கிடக்கும் கம்பி மேல்பக்கம், மண்ணுக்குள் ஓடும் மின்னோட்டம் கீழ்ப்பக்கம். இரண்டும் சேர்ந்து மண்ணுக்குள் நிற்கும் ஒரு பெரிய வளையம். மண்ணின் தடையை ஹெர்ட்ஸில் எழுதிய அலைவரிசையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503ஆல் பெருக்கினால் அலை இறங்கும் ஆழம் மீட்டரில் வரும். கரிசலில் 12 மீட்டர்கூட இல்லை. 2,000 ஓம்-மீட்டர் மணலில் 167 மீட்டர். தோண்டாமலேயே 167 மீட்டர் கிணறு!

ஆனால் இதில் ஒரு முரண் உண்டு, புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள மண் கெட்டதாக இருக்க வேண்டும். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு முழ மண் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். முதலாவதை இடம் தேர்ந்தெடுத்துப் பெறலாம். இரண்டாவதற்குக் குடம் தூக்க வேண்டும்.

இடம் தேர்வதில் அவசரம் கூடாது. டிரான்ஸ்பார்மர், பம்புசெட், மின்வேலி எதுவும் 300 மீட்டருக்குள் இல்லாத பொட்டலாகப் பாருங்கள். ஒரு கோலை நட்டு, 40 மீட்டர் தள்ளி இன்னொன்றை நட்டு, வேறு எதையும் இணைக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து இரண்டுக்கும் நடுவே அளந்துவிடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் மகராசனாக இருங்கள். அரை வோல்ட் என்றால் இரைச்சல் இருக்கும், சமாளிக்கலாம். சில வோல்ட் என்றால் கம்பியைத் தொடாமல் விலகுங்கள். ஒருமுறை எனக்கு 11 வோல்ட் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு மீட்டரைக் கொண்டுவந்தேன், அதிலும் 11. பக்கத்துத் தோட்டத்து நீர்மூழ்கி மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் கொஞ்ச நாளாகவே வாய்க்காலில் கால் வைத்தால் விறுவிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு!

வீட்டு எர்த்தை ஒரு முனையாக வைத்துக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடாது. ஊரின் நியூட்ரல் ஓட்டம் முழுவதும் அதன் வழியாக உங்கள் கணினிக்குள் எட்டிப்பார்க்கும்.

கோல்களுக்கு அரை அங்குல ஜி.ஐ. கம்பி, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், ஒரு முனைக்கு மூன்று. ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டு மூன்றையும் சேர்த்து முறுக்குங்கள். இரண்டு முனையிலும் ஒரே உலோகம் இருக்கட்டும். ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் ஜி.ஐ.யும் போட்டால் நீங்கள் நட்டது ஆன்டெனா அல்ல, பேட்டரி. முக்கால் வோல்ட் டி.சி. எப்போதும் நின்றுகொண்டிருக்கும். இணைப்புக் கம்பிக்கு எதுவானாலும் சரி. நான் கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி இழுக்கும் பழைய டிராப் வயரைத்தான் பயன்படுத்துகிறேன், அதுதான் என்னிடம் சுருள் சுருளாகக் கிடக்கிறது. தரையில் கிடந்தால் போதும், தூக்கிக் கட்ட வேண்டியதில்லை.

இரண்டு முனைக்கும் நடுவே ஓம் அளக்கும்போது மீட்டரின் கம்பிகளை மாற்றிப் பிடித்து இருமுறை அளந்து சராசரி எடுங்கள். மண்ணில் இருக்கும் சிறு டி.சி. ஒருபக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் காட்டும். தேரியில் முனைக்கு ஒற்றைக் கோலாக நட்டபோது எனக்கு 2,400 ஓம் வந்தது. மும்மூன்று கோலும் முனைக்கு இரண்டு குடம் தண்ணீரும் ஆனபின் 700. எக்ஸ்சேஞ்சில் இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். இங்கே இதுவே தாராளம். தண்ணீரில் உப்புக் கலக்கலாம், சொந்த நிலமாக இருந்தால். அடுத்தவர் தென்னை, முருங்கை பக்கம் உப்பு ஊற்றிவிட்டு வானொலி ஆராய்ச்சி என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது, கம்பியை நேராகக் கணினியில் செருகக் கூடாது. நடுவே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும். கடையில் தேட வேண்டாம். பழைய டயல்-அப் மோடம் கிடைத்தால் திறந்து பாருங்கள், தொலைபேசி லைனுக்கும் மின்சுற்றுக்கும் நடுவே தீப்பெட்டியைவிடச் சிறிதாக 600க்கு 600 ஓம் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கும். பேச்சுக்காகச் செய்தது, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்குத்தான் பொறுப்பு. ஆனாலும் 18,000த்தில் கொஞ்சம் சோர்ந்தாலும் படுத்துவிடுவதில்லை. மண் பக்கச் சுருளோடு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராகப் போடுங்கள். மண்ணும் சுருளும் சேர்ந்து ஆயிரம் ஓமுக்கு மேல் போவதால், ஏறத்தாழ 1,200 முதல் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது அமுக்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்வாரிய ராகம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் 1என்4148 டயோடு இரண்டை எதிரும் புதிருமாகக் குறுக்கே போட்டால், தூரத்து மின்னலின் துள்ளல் கணினியைத் தொடாது.

சமிக்ஞையைக் கணினிக்குள் போகும் முன் பெரிதாக்கும் முன்பெருக்கிக்கு என்.இ.5532 ஐ.சி., இரண்டு 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோஓமும் 100 கிலோஓமும் வைத்து நூறு மடங்கு. முதலில் நான் டப்பாவில் கிடந்த எல்.எம்.358ஐப் போட்டேன். மின்னல் சத்தமெல்லாம் நன்றாகக் கேட்டது, 18.2 மட்டும் எதிர்பார்த்ததில் பாதிதான். மண்ணைக் குறை சொல்லி இன்னும் நாலு குடம் ஊற்றினேன். பிறகுதான் உறைத்தது: அந்த ஐ.சி.க்கு நூறு மடங்கு பெருக்கம் என்றால் 10 கிலோஹெர்ட்ஸுக்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். மண் நிரபராதி.

மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும். சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், செல்பேசியின் சார்ஜரையும். மைக் துளையைவிட யு.எஸ்.பி. ஒலி அட்டை மேல். இரைச்சல் நீக்கம், ஒலி மேம்பாடு என்று கணினி தானாகச் செய்யும் உபகாரங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அதற்கு நம் சமிக்ஞையே இரைச்சல்தான். ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருள் அலைவரிசையை அருவிபோல் வடியும் படமாகக் காட்டும். ஆடாசிட்டியில் பதிவுசெய்து பிறகு நிறமாலைப் பார்வையில் பார்த்தாலும் தொடக்கத்துக்குப் போதும்.

முதல் நாள் மாலை நான் கம்பியைக் கிழக்கு மேற்காக விரித்தேன். 18.2இல் கோடு வரும் என்று நினைத்தால் திரை முழுக்க வேலி வேலியாகக் கோடுகள். எல்லாம் போலி. மேற்கே 30 கி.மீ.யில் அவ்வளவு பெரிய நிலையம் இருக்க, கம்பியும் அதையே குறிபார்த்துக் கிடந்தால் முன்பெருக்கி திணறி, இல்லாததையெல்லாம் உளறும். இந்த ஆன்டெனா கம்பி நீளும் இரு திசையில்தான் நன்றாகக் கேட்கும், குறுக்கே வருவதற்குச் செவிடு. ஆகவே கம்பியைத் தெற்கு வடக்காகத் திருப்பினேன். வி.டி.எக்ஸ். ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கியது. அதன் வலப்பக்கம் 19.8இல் அதுவரை தெரியாத இன்னொரு பட்டை எழுந்து நின்றது.

அது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் அருகே உள்ள நார்த் வெஸ்ட் கேப் நிலையம், என்.டபிள்யூ.சி. ஒரு மெகாவாட் சக்தி, நமக்கு 5,000 கி.மீ.க்கும் மேல், தென்கிழக்கே. தெற்கு வடக்குக் கம்பிக்கு அது ஏறத்தாழ 49 பாகை சாய்வில் இருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு பலம் கிடைத்துவிடுகிறது; வி.டி.எக்ஸ். மட்டும் குறுக்கே விழுந்து அடங்குகிறது. நீங்கள் திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் கோணம் மாறும். வரைபடத்தில் இரண்டு நிலையத்துக்கும் கோடு போட்டுப் பார்த்து, பலமான அண்டைவீட்டுக்காரருக்குக் கம்பியின் பக்கவாட்டைக் காட்டுங்கள்.

என்.டபிள்யூ.சி.யைப் பிடித்துவிட்டால் அந்தப் பட்டையின் பலத்தை மட்டும் நாள் முழுக்கப் பதிவுசெய்து பாருங்கள். விடியும்போதும் அடையும்போதும் பள்ளம் விழும். பகலில் சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால், எக்ஸ்-கதிர் அயனி மண்டலத்தின், அதாவது மேல்வானில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலத்தின், அடித்தளத்தை இறக்கிவிட, பலம் சில நிமிடத்தில் சட்டென மாறி மெல்லப் பழைய நிலைக்கு வரும். வி.டி.எக்ஸ். எனக்கு இதற்கு உதவாது. பக்கத்திலிருந்து தரைவழியாக வருகிறதே, வானத்தில் நடப்பது அதற்கெப்படித் தெரியும்? கொல்கத்தாக்காரர்களுக்கு உதவும்.

இரவு வேறு உலகம். இப்போது திரையை விட்டுவிட்டு, ஹெட்போனில் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் கேளுங்கள். தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல் இடைவிடாமல் வருவது மின்னல், ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவிலிருந்துகூட. பொழுது நன்றாக இருட்டியபின் கடுகுக்கு நடுவே “ட்வீக், ட்வீக்” என்று வாலிழுக்கும் ஓசை சேரும். அதுவும் மின்னல்தான். தரைக்கும் 85, 90 கி.மீ. மேலே உள்ள அயனி மண்டலத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு குழாய்போல. 1,700 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே உள்ள அலைகள் இரு சுவருக்கும் இடையே மோதி மோதித் தாமதமாக வந்து சேர்கின்றன. நிறமாலைப் படத்தில் ஒவ்வொரு மின்னல் கோட்டுக்கும் அடியில் கொக்கிபோல் ஒரு வளைவு தெரியும். அந்தக் கொக்கி எந்த அலைவரிசையில் படுக்கிறது என்று பார்த்து, 1,50,000ஐ அதனால் வகுத்தால் அயனி மண்டலத்தின் உயரம் கிலோமீட்டரில் வந்துவிடும். 1,700 என்றால் 88. நாற்பது மீட்டர் டிராப் வயருக்கு இது மோசமில்லை.

பக்கத்து நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர் ஓர் இரவு வந்து உட்கார்ந்தார். இங்கே கம்பி நடுகிறவன் என்றால் நிலத்தடி நீர் பார்க்கிறவன் என்றே பொருள். அவர்களும் மண்ணின் தடையைத்தான் அளக்கிறார்கள். “எத்தனை அடியில் தண்ணீர் அண்ணாச்சி?” என்றார். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். ஐந்து நிமிடம் கண்மூடிக் கேட்டுவிட்டு, “இது வங்காள விரிகுடாப் பக்கத்து மழை, நாளை இங்கே வராது” என்றார். எப்படிச் சொன்னாரோ, மறுநாள் வரவில்லை.

விசில்போல் இறங்கும் ஓசையைப் பலர் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை மண்வழியே ஒட்டுக்கேட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹவுசன் நம்மைப்போலவே தரையில் கம்பி நட்டுக் கேட்ட ஓசை அது. மின்னலின் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு விண்வெளிவரை போய் மறு அரைக்கோளத்தில் இறங்குவதால் உண்டாவது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகவே ஓடுகிறது. நம் தலைக்கு மேல் காந்தக் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன, ஏறிப்போக ஏணி இல்லை. நைனிடாலில் கேட்கலாம், நமக்கு இல்லை. சுவீடனின் கிரிமெட்டன் நிலையம் ஆண்டுக்கு ஓரிரு நாள், 1920களின் சுழலும் ஆல்டர்னேட்டரை ஓட்டி, 17.2 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் அனுப்புகிறது. மூன்று ஆண்டாக முயல்கிறேன். ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நம் கட்டபொம்மன் உட்கார்ந்திருக்கும்போது 7,000 கி.மீ.க்கு அப்பாலுள்ள அந்தக் கிழவியின் குரல் எங்கே கேட்கப்போகிறது?

கேட்பதோடு நில்லாமல் மண்வழியே அனுப்பவும் முடியும். அதே போரில் பிரெஞ்சுப் படை பதுங்குகுழிகளிலிருந்து மண்ணுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தித் தந்தி அனுப்பியது. இரண்டு கோலுக்கு நடுவே ஒலிபெருக்கியின் வெளியீட்டைக் கொடுத்தால், எதிர்முனையில் இன்னோர் இணைக் கோல் அதைக் கேட்கும். பலம் தொலைவின் மும்மடியில் விழும்: தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒன்று. ஆனால் இரு முனையிலும் கோல்களின் இடைவெளியை இரட்டித்தால் நான்கு மடங்கு திரும்பக் கிடைக்கும். ஆகவே சக்தியைக் கூட்டாதீர்கள், கம்பியை நீட்டுங்கள். இதைத் தொடங்கும் முன், ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் இருந்தாலும், உரிமம் தந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். நம் உரிமம் சில பட்டைகளுக்குத்தான், பூமிக்கே அல்ல.

வானம் முழங்கத் தொடங்கினால் பதிவு போனாலும் போகட்டும் என்று டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு விலகுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் கோலுக்கும் கோலுக்கும் நடுவே வருவதை எந்த டயோடும் தாங்காது.

வேலை முடிந்ததும் கோல்களை எண்ணி எடுங்கள். நட்டது ஆறு. பிடுங்கும்போது சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தளர்த்தினால் தேரி மணலில் இலகுவாக வந்துவிடும். நான் ஒருமுறை ஐந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆறாவதைக் கிடைக்காரர்தான் கண்டுபிடித்தார், இடது காலால்.